இறால் ஓடு தின்னும் புரதம்

"இது ஒரு புரதம் இல்ல, ரெண்டு. கம்ப்யூட்டர் ஒட்டவெச்சுக் குடுத்திருக்கு. நீங்க அத நம்பிட்டீங்க."

சென்னையிலிருந்து வந்திருந்த அன்புமொழி மேடம் இதைச் சொன்னபோது அவர் குரலில் கோபம் எதுவும் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒருத்தியின் மூன்று வருட உழைப்பை இல்லை என்று சொல்லும்போது குரலையாவது கொஞ்சம் உயர்த்த வேண்டாமா? சாப்பாட்டில் கிடந்த மிளகாயை எடுத்து இலையோரம் வைப்பது போல என் நாலாவது அத்தியாயத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, தண்ணீர் பாட்டிலைத் திறந்தார்.

என் பெயர் சத்யபிரியா. ஊர் அரிமளம். புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியலில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறேன். என் நெறியாளர் பேராசிரியர் ரத்தினவேல். அவ்வப்போது ஆய்வுக்குழு கூடும். வெளியிலிருந்து ஒரு நிபுணர் வந்து, அதுவரை செய்ததைக் கிழித்துக் காயப்போட்டுவிட்டு, மதியச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுப் போவார். கிழிபடுவதில் எனக்குப் பயமில்லை. தப்பான இடத்தில் கிழித்தால்தான் பொறுக்காது.

நான் என்ன கண்டுபிடித்தேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்கிற மாதிரி சொன்னால் யாருக்கும் புரியும்.

மணமேல்குடியைத் தாண்டிக் கடலோரமாக ஓர் இறால் குட்டை. நோய் விழுந்து நட்டமானதில் வருடக்கணக்கில் சும்மா கிடந்தது. அதன் அடிச்சேற்றில் இறால் ஓடு மக்கிப் படிந்திருந்தது. அந்த உப்புச் சேற்றிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, அதன் மரபணுத் தொகுதி முழுவதையும் படிக்கவைத்தேன். துண்டு துண்டாகப் படிப்பதைக் கம்ப்யூட்டர்தான் வரிசையாக ஒட்டிக் கொடுக்கும். ஓட்டைத் தின்பது லேசான வேலை இல்லை. முதலில் ஓட்டின் நீளமான சங்கிலியைச் சிறு துண்டுகளாக நறுக்க வேண்டும். பிறகு அந்தத் துண்டுகளைத் தனித்தனிச் சர்க்கரையாக உடைக்க வேண்டும். இப்படி ஒரு வேலையைத் தானாகவே செய்யத் தெரிந்த புரதப் பகுதிக்கு டொமைன் என்று பெயர். மிக்சி ஜார் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கழற்றி வேறொரு மிக்சியில் மாட்டினாலும் அது தன் வேலையைச் செய்யும். பரிணாமம் எதையும் அடியிலிருந்து புதிதாகச் செய்யச் சோம்பல் படும். ஏற்கெனவே இருக்கிற டொமைன்களைக் கழற்றி, மாற்றி மாட்டி, ஓடுகிறதா என்று பார்க்கும். ஓடினால் வைத்துக்கொள்ளும்.

என் பாக்டீரியாவின் உறவுக்கார பாக்டீரியாக்களிடம் நறுக்கும் டொமைன் மட்டும்தான் உண்டு. என்னுடையதில் உடைக்கும் டொமைனும் அதோடு ஒட்டிக்கொண்டு, இரண்டும் ஒரே புரதமாக இருந்தன. நறுக்கிய துண்டு வெளியே மிதந்து போகாமல் அடுத்த டொமைனின் வாயிலேயே விழும். அதைத் திரையில் முதன்முதலில் பார்த்தபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். அவ்வளவு சந்தோஷம்.

சிக்கல் அந்த இரண்டாவது டொமைனில் இருந்தது. அது பேசில்லஸ் என்ற வேறொரு பாக்டீரியா வம்சத்தின் சாயலில் இருந்தது. அந்த வம்சத்திலிருந்து என் பாக்டீரியாவுக்குத் தாவி வந்தது என்று நான் எழுதியிருந்தேன்.

"பேசில்லஸ் எங்கதான் இல்ல? தூசியில இருக்கு, அரிசியில இருக்கு" என்றார் அன்புமொழி மேடம். "உங்க டிஎன்ஏவுல அது கலந்திருக்கு. எது எதோடன்னு தெரியாம சாஃப்ட்வேர் ஒட்டிடுச்சு."

"ஒரு பாக்டீரியாகிட்டருந்து இன்னொண்ணுக்கு ஜீன் தாவும் மேடம்."

"தாவும். தாவுச்சுன்னு நீங்கதான் காட்டணும். பாக்டீரியா வளத்த பழைய தட்டு, பழைய டிஎன்ஏ எதுவும் வேணாம். மண்ணுலருந்து திரும்ப ஆரம்பிச்சு வாங்க. சினாப்சிஸ் குடுக்கறதுக்கு முன்னாடி இன்னொரு தடவ உக்காருவோம். முடியலன்னா அந்த அத்தியாயம் வேண்டாம்."

சினாப்சிஸ் என்பது ஆய்வேட்டுக்கு முன்னால் பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கும் சுருக்கம். அவர் கேட்டது நியாயம். நியாயமாக இருந்ததால் இன்னும் கொஞ்சம் எரிச்சல் வந்தது.

கூட்டம் முடிந்து வராந்தாவுக்கு வந்ததும் ரத்தினவேல் சார் என்னைப் பார்க்காமல், வெளியே நின்ற வேப்பமரத்தைப் பார்த்தபடி, "அந்த அத்தியாயத்த எடுத்துரும்மா" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சார் அப்படிப்பட்ட ஆள் இல்லை. நிபுணர் வாயைத் திறப்பதற்குள் மாணவருக்காக வரிந்து கட்டிக்கொண்டு நிற்பவர். அன்று கூட்டம் முழுவதும் ஒரு வார்த்தை பேசவில்லை.

"ஏன் சார்?"

"மிச்ச மூணு அத்தியாயமே தாராளம். பட்டம் வந்துரும்."

"பட்டம் வந்துரும் சார். நான் கண்டுபிடிச்சது வராதே."

"இருக்கறத வெச்சு முடிச்சுட்டுப் போவியா, எதுக்கு வம்பு?"

"நான் நாளைக்கு மணமேல்குடி போறேன் சார்."

"போ. ஆனா சினாப்சிஸ்ல கையெழுத்து நான் போடணும். அத மனசுல வெச்சுக்க."

மிரட்டல்தான். ஆனால் மிரட்டுகிறவர் முகம் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இல்லை. எதையோ தொலைத்தவர் முகம் மாதிரி இருந்தது. எனக்கு அதைப் பற்றி யோசிக்கப் பொறுமை இல்லை. கோபம் வந்தால் எனக்குக் கண் தெரியாது, காதும் கொஞ்சம் மந்தம்.

மறுநாள் ஜெரால்டின் பைக்கில் கிளம்பினோம். ஜெரால்டு எங்கள் ஆய்வகத்திலேயே கடற்பாசியில் ஆய்வு செய்கிறவன், என்னோடு ஒரே வருடம் சேர்ந்தவன். மணமேல்குடிப் பக்கத்தில் அவனுக்குத் தெரியாத ஆள் கிடையாது. அறந்தாங்கியில் டீ குடிக்க நிறுத்தியபோது என் புலம்பலை ஆரம்பித்தேன்.

"பழைய டேட்டாவத் திரும்ப அலசிப் பாத்தேன்டா. பேசில்லஸ் கொஞ்சம் இருக்கத்தான் செய்யிது. அந்தம்மா சொன்னதுல பாதி நெசம். ஆனா என் கையில எப்படிக் கலக்கும்? நான் தட்டத் தொறக்கற வேகம் ஒனக்கே தெரியும்."

"பொரிதான்" என்றான் ஜெரால்டு, வடையைப் பிட்டுக்கொண்டே.

"என்ன பொரி?"

"ஆயுத பூஜை பொரி. ஒனக்குத் தெரியாதா?"

எங்கள் கல்லூரியில் ஆயுத பூஜை என்றால் ரத்தினவேல் சாரின் ஆய்வகத்தைப் பார்க்க மற்ற துறைக்காரர்கள் வருவார்கள். தரையைக் கழுவி, மைக்ராஸ்கோப்பிலிருந்து, கிருமி போக அவித்தெடுக்கும் ஆட்டோகிளேவ் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, மையவிலக்கு இயந்திரத்துக்கு மாலை போட்டு, சரஸ்வதி படத்துக்கு முன்னால் புத்தகங்களையும் பழைய ஆய்வேடுகளையும் அடுக்குவார். அடுக்கியதை விஜயதசமி காலை வரை யாரும் தொடக்கூடாது. போன வருடம் அன்றைக்கு நான் எங்கள் வீட்டுப் பூஜைக்காக அரிமளத்தில் இருந்தேன்.

"சார் ஒன் தட்டு நாலஞ்சையும் எடுத்து புத்தகத்துக்குப் பக்கத்துல வெச்சாரு" என்றான் ஜெரால்டு. "அந்தப் புள்ளைக்குப் படிப்பு நல்லபடியா முடியட்டும்னு சொல்லித்தான் வெச்சாரு. மூடி மேல சந்தனம் வைக்கிறப்ப கை வழுக்கி ஒண்ணு ரெண்டு தொறந்துக்கிச்சு. டக்குனு மூடிட்டாரு. பக்கத்துலயே பொரி, கடலை, சாம்பிராணி, மேல ஃபேன் வேற. விஜயதசமி அன்னைக்குக் காலையில அவரே எல்லாத்தையும் தொடச்சு உள்ள எடுத்து வெச்சாரு. நீ மத்தியானம் வந்து அதுலருந்துதான் டிஎன்ஏ எடுத்த."

"ஏன்டா இத்தன நாளா சொல்லல?"

"சொல்லலாம்னுதான் வந்தேன். நீ அன்னைக்கு எவன்டா என் பேனாவ எடுத்ததுன்னு கத்திக்கிட்டு இருந்த. அப்படியே திரும்பிப் போயிட்டேன்."

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். நேற்று அவர் வேப்பமரத்தைப் பார்த்த காரணம் இப்போது விளங்கியது. அவருக்குத் தெரியும். கூட்டத்தில் பேசில்லஸ் என்ற பெயர் வந்த நொடியிலேயே தெரிந்திருக்கும். சந்தனம் வைத்தது அவர், அத்தியாயத்தை எடுக்க வேண்டியது நானா? ஆசீர்வாதம் செய்கிறேன் என்று அள்ளிப்போட்டது என் தலையிலா? வழியெல்லாம் அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று மனதுக்குள் வாக்கியம் வாக்கியமாக அடுக்கிக்கொண்டே வந்தேன். ஆனால் ஒன்றில் மட்டும் தெளிவாக இருந்தேன். பேசில்லஸ் கலந்தது உண்மை என்பதால் என் புரதம் பொய் ஆகிவிடாது. இரண்டும் தனித்தனிக் கேள்விகள்.

குட்டைக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே குட்டையே வேறாக இருந்தது. அடி சுரண்டி, கரை கட்டி, ப்ளீச்சிங் பவுடர் நெடியோடு தெளிந்த தண்ணீர் நின்றது. சொந்தக்காரர் ஆரோக்கியதாஸ் மோட்டார் கொட்டகையிலிருந்து வந்தார்.

"வாங்க தங்கச்சி. இந்த வருசம் மறுபடி குஞ்சு விடப்போறோம். எப்படி இருக்கு?"

"அண்ணே, அடியில இருந்த சேறு?"

"அதத்தான் மொத வேலையா அள்ளியாச்சே. ப்ளீச்சிங் போட்டதுல ஒரு புழு பூச்சி கெடையாது, பாத்துக்கங்க."

அவர் பெருமையாகச் சொன்னார். என் பாக்டீரியா ஒன்றுகூடப் பிழைத்திருக்காது.

"அள்ளி எங்கண்ணே போட்டீங்க?"

"அந்தா, அங்கிட்டு. கரைக்குப் பின்னால மலையாக் குமிஞ்சு கெடக்கு. நாத்தம் தாங்காது, யாரும் கிட்டப் போறதில்ல."

நான் கிட்டத்தட்ட ஓடினேன். சேறு காய்ந்து வெடித்து, வெடிப்புகளில் உப்புப் பூத்துக் கிடந்தது. உப்புக்குள் அடைபட்டுத் தூங்கத் தெரிந்த ஜாதி என்னுடையது. வெயில் அதற்கு ஒரு பொருட்டில்லை. குவியலின் உள்ளே கையை விட்டு, ஈரம் தட்டுப்பட்ட இடத்திலிருந்து எடுத்துப் புதுக் குழாய்களில் அடைத்தேன்.

அப்போதுதான் அடுத்த குட்டை கண்ணில் பட்டது. அதன் சொந்தக்காரர் துபாய்க்குப் போய்விட்டாராம். யாரும் சுரண்டாமல், ப்ளீச்சிங் படாமல் கிடந்தது. ஒரே கடல் தண்ணீர், நடுவில் ஒரு வரப்பு. வந்தது வந்தோம் என்று அதிலும் இறங்கினேன்.

"இந்த மண்ணுல அப்படி என்னதான் இருக்கு?" என்றார் ஆரோக்கியதாஸ்.

"ஒங்க எறா ஓட்டத் திங்கற ஆளு இருக்குண்ணே."

"உசுரோட இருக்கற எறாவத் திங்காதுல்ல?"

"திங்காது."

"அப்ப எவ்வளவு வேணும்னாலும் அள்ளிக்கங்க."

ஆய்வகத்தில் என் மூலையைச் சுற்றி எவரையும் விடவில்லை. பாக்டீரியா வளரும் கலவையை நானே காய்ச்சி, தட்டுகளில் நானே ஊற்றி, நானே பூட்டிவைத்தேன். சார் இரண்டொரு முறை வாசல் வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நான் நிமிரவில்லை.

சோதனை மிக எளிது. நறுக்கும் டொமைனில் ஓர் அடையாளம், உடைக்கும் டொமைனில் ஓர் அடையாளம் வைத்து, இரண்டுக்கும் நடுவில் உள்ள டிஎன்ஏவைப் பிசிஆர் மெஷினிடம் நகலெடுக்கச் சொல்ல வேண்டும். இரண்டும் ஒரே இழையில் இருந்தால்தான் நகல் வரும். வேறு வேறு பாக்டீரியாக்களில் இருந்தால் எவ்வளவு கலந்து கிடந்தாலும் எதுவும் வராது. கலப்பு என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. நகல் வந்திருந்தால் பட்டையாகத் தெரிகிற ஜெல்லைப் புற ஊதா விளக்கில் வைத்தபோது குவியல் மண்ணுக்கு நேராகப் பட்டை பளிச்சென்று தெரிந்தது. அடுத்த குட்டை மண்ணுக்கு நேராகவும் தெரிந்தது. ஜெரால்டு பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கு" என்றான். எனக்கு ஆச்சரியம் வரவில்லை. தெரிந்ததைத் திரும்பப் பார்த்த நிம்மதிதான் வந்தது.

ஆச்சரியம் பிறகு வந்தது. அந்தப் பட்டைகளை எழுத்து எழுத்தாகப் படிக்க அனுப்பியிருந்தேன். விடை வந்ததும் இரண்டையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். குவியல் மண்ணில் இருந்தது என் பழைய புரதமேதான், ஓர் எழுத்து மாறவில்லை. அடுத்த குட்டையில் இருந்ததிலும் அதே இரண்டு டொமைன்கள்தான், பக்கத்தில் பக்கத்தில்தான். ஆனால் நடுவில் 'இத்தோடு நிறுத்து' என்று சொல்லும் மூன்று எழுத்துகள் இன்னும் அப்படியே இருந்தன. அதனால் அங்கே அவை ஒட்டாத இரண்டு புரதங்கள். பேசில்லஸ் வம்சத்து டொமைன் முதலில் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்திருக்கிறது. அது அடுத்த குட்டை. பிறகு நடுச்சுவர் விழுந்து இரண்டும் ஒரே வீடாகியிருக்கிறது. அது ஆரோக்கியதாஸ் அண்ணனின் குட்டை. ஒரு புரதம் உருவான வழியில் முந்தின படியும் பிந்தின படியும் ஒரு வரப்புக்கு அந்தப்புறமும் இந்தப்புறமும் கிடந்தன. நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

அதை எடுத்துக்கொண்டு சாரின் அறைக்குப் போனேன். அறந்தாங்கியில் அடுக்கிய வாக்கியங்கள் எல்லாம் நாக்கு நுனியில் இருந்தன. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். இரண்டாவது வரிசைக்கு வந்ததும் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "அட, நிறுத்துக்குறி இங்க நிக்கிதா" என்றார். பிறகு வரிசையாகக் கேள்விகள் கேட்டார், எல்லாமே நல்ல கேள்விகள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சந்தனத்தைப் பற்றிக் கேட்க என்னால் முடியவில்லை. கோபம் மட்டும் அப்படியே இருந்தது.

சினாப்சிஸில் 'பழைய மாதிரியில் ஆய்வகச் சூழலிலிருந்து சிறிதளவு பேசில்லஸ் கலந்திருந்தது' என்று ஒரு வரி எழுதினேன். அவராகவே ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அந்த வரியில் அவர் கண் நின்றது. திரும்பவும் படித்தார். பிறகு பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். என் நாலாவது அத்தியாயம் உள்ளே வந்துவிட்டது. ஆனாலும் அந்தத் தாளை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது எனக்கு அழுகை வரும் போல ஆத்திரமாக இருந்தது.

ஆய்வுக்குழு மறுபடி கூடியது. அன்புமொழி மேடம் இந்த முறை தண்ணீர் பாட்டிலைத் தொடவில்லை. இரண்டு குட்டைகளின் வரிசைகளையும் வெகுநேரம் பார்த்தார்.

"அழகா இருக்கு" என்றார். "நான் சொன்னது தப்பு. இது ஒரே புரதம்தான்."

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்த கேள்வி உடனே வந்தது.

"ஆனா பழைய மாதிரியில பேசில்லஸ் கலந்திருக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. எப்படிக் கலந்துச்சு?"

"ஆய்வகச் சூழல்லருந்து மேடம்."

"அது எல்லாரும் எழுதற வரி. எங்கருந்து, என்னைக்கு, எந்தத் தட்டுல? அது தெரியலன்னா அதே லேப்ல செஞ்ச மத்த மூணு அத்தியாயத்தையும் நான் எப்படி நம்பறது?"

நாலாவது அத்தியாயத்தைக் காப்பாற்றப் போய் மற்ற மூன்றும் ஆட்டம் கண்டன. பதில் எனக்குத் தெரியும். சொன்னால் நாலு அத்தியாயமும் தப்பிக்கும். சொல்வதற்கு வாயையும் திறந்துவிட்டேன். மேசைக்கு அந்தப்புறம் குழுவில் இருந்த மற்றவர்கள் எல்லாம் சாரின் சக பேராசிரியர்கள், சிலர் அவரிடமே படித்தவர்கள். அவர்கள் முன்னால் அவரை நிறுத்துவதா என்று ஒரு நொடி தயங்கினேன்.

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. ரத்தினவேல் சார் எழுந்து நின்றார். அந்தக் கூட்டத்தில் எழுந்து நிற்க வேண்டியது மாணவர் மட்டும்தான்.

"கலந்தது என்னால" என்றார். "போன ஆயுத பூஜைக்கு அவ தட்டுகள எடுத்துச் சாமி படத்துக்கு முன்னால வெச்சேன். பொரிக்குப் பக்கத்துல. சந்தனம் வைக்கிறப்ப ரெண்டு தட்டு தொறந்துக்கிச்சு. அது இவளுக்குத் தெரியாது. அந்தத் தட்டுலருந்து எடுத்த டிஎன்ஏவுல மட்டுந்தான் கலப்பு இருக்கும். மத்த மூணு அத்தியாயத்துக்கு உண்டான வேலையெல்லாம் அதுக்கு முந்தியே முடிஞ்சது. அதுல என் கை படல. போன கூட்டத்துலயே சொல்லியிருக்கணும். வெக்கமா இருந்துச்சு, சொல்லல. அதுக்குப் பதிலா அத்தியாயத்த எடுக்கச் சொன்னேன்."

அவர் நின்றுகொண்டே இருந்தார், நான் என் கேள்விகளுக்கு நிற்பது போலவே, கையை மேசை விளிம்பில் ஊன்றிக்கொண்டு.

அன்புமொழி மேடம் கொஞ்ச நேரம் எழுதினார். "இதையே முறைகள் பகுதியில எழுதிடுங்க சார். நடந்தது நடந்தபடி. எங்க லேப்ல பிசிஆர் மெஷினுக்குப் பக்கத்துல எலுமிச்சம்பழமே நறுக்கறாங்க. அடுத்த பூஜைக்கு முன்னாடி அவங்களுக்கும் படிக்கக் குடுக்கறேன்." பிறகு என்னைப் பார்த்தார். "நாலு அத்தியாயமும் சரி."

கூட்டம் முடிந்து எல்லோரும் சாப்பிடப் போனார்கள். அறையில் நாங்கள் இருவர்தான் மிஞ்சினோம். அவர் இன்னும் உட்காரவில்லை.

"கோவமா இருக்கியாம்மா?"

"இருந்தேன் சார். அறந்தாங்கியிலருந்து."

"ஜெரால்டு சொல்லிட்டானா?"

"ம்."

"தெரிஞ்சுமா இன்னைக்கு வாயத் தொறக்காம நின்ன?"

"தொறந்தேன் சார். நீங்க முந்திக்கிட்டீங்க."

அவர் தலையை ஆட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்கோ அடுக்கிவைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. அவர் பின்னால் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க சார்" என்றேன். உட்கார்ந்தார். என் மூன்று வருடக் கண்டுபிடிப்பு உண்மை என்று ஆய்வுக்குழு எழுதிக் கையெழுத்துப் போட்ட தாள் எங்களுக்கு நடுவில் மேசைமேல் கிடந்தது. அன்றைக்கு நான் அதைவிட அவரைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.